வண்டி வந்தது, எஞ்சின் ஓடியது... படகு எப்போது?

திருவொற்றியூருக்கும் புல்லட்டுக்கும் உள்ள உறவை வட சென்னைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த ராயல் என்ஃபீல்டும் 1955இல் கூட்டுச் சேர்ந்ததில் தொடங்கிய உறவு அது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்திறங்கின, இங்கே பூட்டினார்கள். அடுத்து அச்சுகளும் கருவிகளும் வந்தன. பாகங்களையே இங்கு செய்யத் தொடங்கினார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்தில் தயாரிப்பு நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. பெட்ரோல் டேங்க்கின் ஓரமாக ஓடும் அந்தப் பொன்னிறக் கோட்டை, தூரிகை பிடித்த கை ஒரே இழுப்பில் வரைவதைப் பார்க்கவென்றே ஆலைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் உண்டு.

இத்தனை நீண்ட வம்சாவளி உள்ள நிறுவனத்திடம் அதன் முதல் வண்டி இல்லை.

1901 நவம்பரில் லண்டன் ஸ்டான்லி சைக்கிள் கண்காட்சியில் ராயல் என்ஃபீல்டு தன் முதல் மோட்டார் சைக்கிளை நிறுத்தியது. பிரெஞ்சுக்காரரான ஜூல்ஸ் கோபியேவும் பாப் வாக்கர் ஸ்மித்தும் சேர்ந்து உருவாக்கியது. அந்த வண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. வரைபடமும் இல்லை. கையிலிருந்தவை சில புகைப்படங்கள், அக்காலப் பத்திரிகை விளம்பரங்கள், கோட்டுப்படத்தோடு வந்த சில செய்திகள், அவ்வளவுதான். நிறுவனத்தின் 120ஆம் ஆண்டு நெருங்கியபோது, அதன் வரலாற்றாய்வாளர் கார்டன் மே ஒரு சவாலை முன்வைத்தார். அந்த வண்டியை மறுபடி செய்து, ஓட்டியும் காட்ட முடியுமா? ‘புராஜெக்ட் ஆரிஜின்’ பிறந்தது அப்படித்தான்.

செய்து முடித்த வண்டியைப் பார்த்தால் முதலில் சைக்கிளென்றுதான் தோன்றும். ஒன்றே முக்கால் குதிரைத்திறன் எஞ்சின், இன்று நாம் பார்க்கும் இடத்தில் இல்லை. ஹேண்டில்பாருக்குக் கீழே, முன்சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது சுழற்றுவது பின்சக்கரத்தை. பதனிடாத தோலில் செய்த நீளமான பெல்ட் ஒன்று, எட்டு என்ற இலக்கத்தைப் போலக் குறுக்கே முறுக்கிக்கொண்டு வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. பித்தளைத் தகட்டை மடக்கித் தட்டி, ஈயம் பற்றவைத்து டேங்க் செய்தார்கள். எஞ்சினுக்கு எண்ணெய் தானாகப் போகாது. ஓட்டுகிறவர்தான் கையால் பம்ப் அடிக்க வேண்டும். அடித்த எண்ணெய் எரிந்து தீர்ந்ததும், பத்துப் பதினைந்து மைலுக்கொரு முறை மறுபடி அடிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் வண்டியில் அந்தப் பம்ப் ஒரு சிறு குழாய். பார்த்தவர் கடந்து போய்விடுவார். ஓடும் வண்டியிலோ அது ஓட்டுகிறவரின் முழு கவனத்தையும் கேட்கிறது. ஒரு கை எண்ணெய்க்கு, ஒரு கை பிரேக்குக்கு, கால் பெடலுக்கு. 1901இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்பது, அதைத் திரும்பச் செய்து ஏறி உட்கார்ந்தவர்களுக்குத்தான் விளங்கியது. தொலைந்த பொருளை மறுபடி ஏன் செய்ய வேண்டும், படத்தைப் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. பொருளோடு சேர்ந்து தொலைந்தது அதைச் செய்யும் அறிவும் கையாளும் பழக்கமும். மறுபடி செய்யும்போது அவையும் திரும்பி வருகின்றன.

பெரம்பூரில் எழுந்த எஞ்சின்

வட சென்னையில் இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. அதன் எடை பல டன்.

1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்சன் அண்டு ஹெவிட்சன் கம்பெனி செய்து கல்கத்தாவுக்கு அனுப்பிய நீராவி எஞ்சின்களில் இரண்டு இன்றும் இருக்கின்றன. ஒன்று 22ஆம் எண், ஊரறிந்த ‘ஃபேரி க்வீன்’. இன்னொன்று 21ஆம் எண், ‘எக்ஸ்பிரஸ்’. ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் எஞ்சின்கள் என்பதால் ஈ.ஐ.ஆர். 21, ஈ.ஐ.ஆர். 22 என்று அழைக்கிறார்கள். இரண்டும் 1909இல் ஓய்வு பெற்றவை. இரண்டுக்கும் உயிர் கொடுத்தது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்.

ஃபேரி க்வீன் 1997இல் மறுபடி தண்டவாளம் ஏறி, உலகில் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று கின்னஸில் இடம்பிடித்தது. 2011இல் டெல்லியில் நின்றிருந்தபோது திருடர்கள் அதன் பாகங்களைக் கழற்றிப் போய்விட்டார்கள். திரும்பவும் பெரம்பூர்தான் கைகொடுத்தது. 2012 டிசம்பரில் எஞ்சின் மீண்டும் ஓடியது.

21ஆம் எண்ணின் கதை இதைவிடக் கடினமானது. ஜமால்பூர் பட்டறையிலும் ஹவுராவிலும் நூறாண்டுக்கு மேல் காட்சிப்பொருளாக வெயிலும் மழையும் பட்டு நின்றது அது. 2010இல் பெரம்பூருக்கு வந்து சேர்ந்தபோது கூடு மட்டுமே எஞ்சின் மாதிரி இருந்தது. பல பாகங்கள் காணாமல் போயிருந்தன. இருந்தவற்றில் பல, இன்னதென்று அடையாளம் தெரியாத அளவுக்குத் துருவேறியிருந்தன. எந்தக் கடையிலும் ஸ்பேர் கிடைக்காத எஞ்சின். ஆகவே ஒவ்வொன்றாகப் புதிதாகச் செய்தார்கள்.

அந்த ஆண்டுகளில் பெரம்பூர் லோகோவில் நடந்துவந்த அன்றாட வேலை என்ன என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். இந்திய ரயில்வேயின் முக்கியப் பாதைகளில் நீராவி 1990களோடு முடிந்துவிட்டது. டீசலும் மின்சாரமும் பழகிய ஃபிட்டர்களும் வெல்டர்களும் டர்னர்களும்தான், நீராவி பழகிய மூத்தவர்களின் அனுபவத்தையும் துணைகொண்டு இந்த எஞ்சினுக்குள் இறங்கினார்கள். பாய்லர் என்பது விளையாட்டில்லை. நீர் அழுத்தத்தில் சோதிக்காமல் நெருப்பு மூட்டக் கூடாது. ஒரு மூட்டு விட்டுக்கொடுத்தாலும் உயிர் போகும். அந்தப் பழைய பாடத்தை இந்தத் தலைமுறை தன் கையாலேயே படித்தது. பெரம்பூருக்கு வந்த அதே ஆண்டு எஞ்சின் புகைவிட்டு ஓடியது. பிற்பாடு சுதந்திர தினத்தன்று எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது பெட்டியிழுத்துப் போனபோது, பாதையோரமும் பாலங்களிலும் கூட்டம். 2019இல் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பக்கமும் ஓடிவிட்டு வந்தது.

கற்ற வித்தை காட்சிக்கு மட்டும் பயன்படுவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. நீலகிரி மலை ரயிலின் பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய நீராவி எஞ்சின்களையே செய்து கொடுத்தது. 2021இல் நிலக்கரியில் ஓடும் எஞ்சினையும் செய்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பயணிகளை இழுத்துப் போவது அந்தக் கைகளின் வேலை.

புதிதாகச் செய்தது பழையதாகுமா?

பாகம் பாகமாக மாற்றிய பிறகு அது எப்படி 1855ஆம் வருடத்து எஞ்சின் ஆகும் என்று ஒரு கேள்வி வழக்கமாக எழும். மேல்நாட்டில் இதைவைத்துப் பெரும் தத்துவ விவாதமே நடக்கிறது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்குத் திருவாரூரில் விடை இருக்கிறது. தியாகராசரின் ஆழித்தேர் 1926இல் தீக்கிரையானது. புதிதாகச் செய்த தேர் 1930இல் ஓடியது. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். வடம் பிடிக்கிற எவரும் இது பழைய தேர் இல்லையே என்று கயிற்றை விட்டதில்லை. அதே வடிவம், அதே வீதி, அதே ஊர்கூடி இழுக்கும் வழக்கம் இருக்கிறவரை அது ஆழித்தேர்தான்.

ஆனால் எதையும் எப்படியும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கல்தூணில் மணலைப் பீய்ச்சி அடித்துச் சிற்பத்தின் முகத்தை மழுங்கடித்ததும், ஓவியச் சுவரில் வெள்ளையடித்ததும் திருப்பணி என்ற பெயரில்தான் நடந்தன. எது பழையது, எது புதியது என்று பதிவு செய்து, பழைய முறையிலேயே செய்தால்தான் அது மறுஆக்கம். சேப்பாக்கத்துக் கலச மகால் 2012 ஜனவரியில் தீக்கிரையானது. வழக்கப்படி பார்த்தால் அதை இடித்துவிட்டு கான்கிரீட் அடுக்கு எழுப்பியிருப்பார்கள். அப்படிச் சொன்னவர்களும் இருந்தார்கள். பொதுப்பணித் துறை அதை மீட்டெடுத்தது. இன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே நடக்கிறது. இப்படிப்பட்ட வேலைகளால்தான் சுண்ணாம்பு அரைக்கவும், கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரைக் கலக்கவும், தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்து மெட்ராஸ் டெரஸ் போடவும் தெரிந்த கொத்தனார்களுக்கு மறுபடி தேவை பிறக்கிறது. பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்திலும் இதே கதை. 2019 ஏப்ரலில் எரிந்த அதன் கூரையை, கோடரியால் ஓக் மரம் செதுக்கத் தெரிந்த தச்சர்களைத் திரட்டித்தான் திரும்ப எழுப்பினார்கள். 2024 டிசம்பரில் கதவு திறந்தது.

மீட்க முடியாதவையும் உண்டு. சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வெள்ளை மாளிகையாக அந்தக் கட்டடம் மறுபடி நிற்கிறது. மாணவர்கள் உள்ளே படிக்கிறார்கள். ஒரே பிரதியாக இருந்த ஏடுகள் எந்தக் கைக்கும் திரும்பாது. கட்டடத்தை எழுப்பியது சரியான செயல். ஆனால் அதை வைத்துக் கணக்குத் தீர்ந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

நம் ஊர் மூர் மார்க்கெட்டுக்கு அந்தப் பாதி நீதிகூடக் கிடைக்கவில்லை. 1985 மே 30ஆம் தேதி அது எரிந்தது. செங்கல் சுவர்கள் நின்றும்கூடத் திரும்பக் கட்டவில்லை. ரயில்வே வளாகம் எழுந்தது. புறநகர் ரயில் நிலையம் இன்றும் மூர் மார்க்கெட் பெயரைச் சுமக்கிறது. வளாகத்தில் பழைய சந்தையின் சிறிய மாதிரி ஒன்று நிற்கிறது. பழைய புத்தகம் தேடி அந்த வராந்தாக்களில் அலைந்தவர்களுக்கு அந்த மாதிரி எந்த ஆறுதலும் தராது.

ராயபுரம் ரயில் நிலையம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1856 ஜூன் 28இல் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். ஜூலை 1இல் வாலாஜா ரோடு நோக்கிய பாதையில் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து புறப்பட்டது. பம்பாயிலும் தாணேயிலும் முதலில் எழுந்த நிலையக் கட்டடங்கள் இன்று இல்லாததால், நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம் இதுதான். பெரம்பூர்ப் பட்டறை தொடங்கியதும் அதே 1856இல். 1922வரை மெட்ராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகமும் ராயபுரத்தில்தான் இருந்தது. பாழடைந்து கிடந்த கட்டடத்தை 2005இல் புதுப்பித்தார்கள். உயர்ந்த தூண்களுக்கும் சுவர்களுக்கும் வண்ணம் வந்தது. பழைய பெருமைக்குரிய ரயில்கள் வரவில்லை. ராயபுரத்தை முனையமாக்குங்கள் என்று வட சென்னை மக்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுவருகிறார்கள். மீட்டெடுத்த கட்டடத்துக்கு உரிய வேலையைக் கொடு என்பதே அந்தக் கோரிக்கையின் சாரம்.

ஆணியில்லாத படகு

ராயபுரத்தின் மிகப்பெரிய இழப்பு கடலோரத்தில் நடந்தது.

துறைமுகம் இல்லாத மதராசில் கப்பல்கள் கரையை நெருங்க முடியாது. தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆளையும் சரக்கையும் அலைகளைத் தாண்டிக் கரைசேர்த்தவை மசூலா படகுகள். சலங்கு என்றும் சொல்வார்கள். கவர்னரானாலும் குமாஸ்தாவானாலும் மதராசுக்குள் நுழைய அந்தப் படகில்தான் ஏறியாக வேண்டும். மெல்லிய பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. ஓர் ஆணிகூடக் கிடையாது. உள்ளே விலாச் சட்டங்களும் இல்லை. பலகைகள் சேரும் இடத்தில் நாரோ வைக்கோலோ திணித்து அதன்மேல் தையல் ஓடும். அலை தூக்கித் தரையில் போடும்போது, ஆணியடித்த ஐரோப்பியப் படகு விறைத்துநின்று உடையும். இந்தப் படகு நெளிந்து கொடுத்துத் தப்பிக்கும். அலை எண்ணி, சரியான நொடியில் துடுப்பை வீசத் தெரிந்த ஆட்கள் இல்லாவிட்டால் படகிருந்தும் பயனில்லை. படகோட்டிச் சமூகத்தார் 1829இல் எழுப்பிய ராயப்பர் ஆலயம் இன்றும் ராயபுரத்தில் நிற்கிறது. அவர்களின் படகு இல்லை.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் விழுந்தது. 1881 நவம்பர்ப் புயல் கட்டியதையெல்லாம் உடைத்தும், விடாமல் திரும்பக் கட்டினார்கள். கப்பல் கரையணையத் தொடங்கியதும் மசூலாவுக்கு வேலை போயிற்று. அதோடு முடியவில்லை. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரைகளைக் கடல் தின்றது. வீடுகளும் தெருக்களும் போயின. இன்று கருங்கல் கொட்டிக் கடலைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். படகும் போய், படகு ஏறிய மணலும் போன இடம் இது.

தைத்த படகை இனி எங்கே பார்ப்பது என்ற கேள்விக்கு, 2025 மே மாதம் கார்வாரில் கடற்படை ஒரு விடையைக் காட்டியது. ஐ.என்.எஸ்.வி. கவுண்டின்யா. அஜந்தா குகையில் தீட்டப்பட்ட ஒரு கப்பலின் உருவத்தை வைத்துக்கொண்டு, கேரளத்துக் கைவினைஞர் பாபு சங்கரன் தலைமையில் பலகைகளைக் கயிற்றால் தைத்தே கட்டிய கடற்கலம் அது. வரைபடம் இல்லை, அளவு இல்லை. மாதிரி செய்து நீரில் சோதித்துப் பார்த்தது சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை. சுவரோவியம் ஒன்றை நம்பி அவ்வளவு பெரிய கலத்தைச் செய்ய முடியுமானால், மசூலாவைச் செய்வதற்கு என்ன தடை?

ஆதாரம் இதற்கு அதைவிட மிகுதி. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரி 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே இந்தக் கரையின் தையல் படகுகளை வரைந்து வைத்திருக்கிறார். மதராஸ் மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பழைய புகைப்படங்கள் இருக்கின்றன. ஆந்திர, ஒடிசாக் கரைகளில் கரைவலை இழுக்கத் தையல் படகுகள் 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கின. காசிமேட்டில் மரவேலையும் கயிற்று முடிச்சும் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஃபைபர் படகு வந்தபிறகு அந்த வித்தைக்கான தேவை ஆண்டுக்காண்டு குறைகிறது. இன்னும் ஒரு தலைமுறை காத்திருந்தால், படம் இருக்கும், கேட்க ஆளிருக்காது.

செய்து பார்த்தால்தான் தெரியும் என்கிற கேள்விகள் நிறைய. தையல் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? இறுக்கம் கூடினால் படகு நெளியாது. தளர்ந்தால் நீர் புகும். உப்பு நீரில் நார்க் கயிறு எத்தனை மாதம் தாங்கும், எத்தனை முறை பிரித்துத் தைக்க வேண்டும்? தைத்துத் தைத்தே வாழ்ந்த அந்தத் தச்சர் குடும்பங்களின் உழைப்பு எவ்வளவு? மதராஸ் வணிகத்தின் வரலாற்றில் கம்பெனிக் கணக்குகள் நிறைய இருக்கின்றன. இந்த உழைப்பின் கணக்கு அதில் ஓரத்தில்தான் வரும்.

செய்கிறவர்களின் பெயரையும் இந்த முறை பொறித்து வைக்க வேண்டும். திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் விமானத்தைக் கருங்கல்லால் எழுப்பியவர் ரவி என்ற வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பு கொடுத்த மரியாதை அது. இன்றைய திறப்புவிழாக் கல்வெட்டுகளில் அமைச்சர் பெயரைப் படித்து முடித்தால், ஃபிட்டர் பெயருக்கு இடம் மிஞ்சுவதில்லை.

செலவுக்கு ஆளில்லை என்று சொல்ல முடியாது. இந்தக் கரையில் சென்னைத் துறைமுகம், எண்ணூரில் காமராசர் துறைமுகம் என்று இரண்டு பெரிய துறைமுகங்கள் இருக்கின்றன. கப்பல் கட்டும் கணக்கில் பார்த்தால் ஒரு மசூலா படகுக்கு ஆகும் செலவு அவற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. காசிமேட்டில் கொட்டகை போட்டு, ஊர்ப் பெரியவர்களை முதலில் உட்கார வைத்துக் கேட்டு, மீனவப் பிள்ளைகளைத் தையலில் பழக்கி, சோதனைக்கு ஐ.ஐ.டி.யைக் கூப்பிடலாம். ராயபுரத்துக் கல்சுவரின் மேலிருந்து அந்தப் படகை இறக்க முடியாது. மணல் மிச்சமிருக்கும் இடத்தைத் தேடி வடக்கே எண்ணூர் முகத்துவாரம் பக்கம்தான் போக வேண்டும். அந்தக் கரையும் கையைவிட்டுப் போகுமுன் பலகை அறுக்கத் தொடங்கிவிட வேண்டும்.